லக்கிலி சாரின் இரண்டாவது வரி

2025 ஜூன் 9, திங்கட்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், பால் பாக்கெட்டை எடுத்தேன். திரும்பும்போது வழக்கம்போல நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். அன்று அதில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றிருந்தது.

அடையாறிலிருந்து மயிலாப்பூர் வரை எத்தனையோ அடுக்குமாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. கெட்ட செய்தியை எங்கள் செயலாளரைப்போல ஒழுங்காகச் சொன்னவர் அவற்றில் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது. அவரை நாங்கள் லக்கிலி சார் என்றுதான் கூப்பிடுவோம். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. வயது அறுபத்தெட்டு.

அவர் ஒட்டும் நோட்டீஸ் எதுவானாலும் இரண்டே வரி. முதல் வரியில் செய்தி. இரண்டாவது வரி 'லக்கிலி' என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும். 'லிப்ட் நான்கு நாள் ஓடாது. லக்கிலி, நமக்கு மூன்று மாடிதான்.' 'நாளை தண்ணீர் லாரி வராது. லக்கிலி, இன்று வந்தது.'

இரண்டாவது வரி உண்மையாக இருக்க வேண்டும் என்பதில் அவர் கறார். ஒரு மழையில் காம்பவுண்டு சுவர் இடிந்தது. 'லக்கிலி, வெளிப்பக்கம் விழுந்தது' என்று எழுதிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வெளியே போய்ப் பார்த்தார். அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் கார் நின்றிருந்தது. அதாவது, முன்பு கார் என்று சொல்லும்படி இருந்த ஒன்று. திரும்பி வந்து அந்த வரியை அடித்தார். குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் இடிபாட்டைச் சுற்றினார். கடைசியில் ஒட்டிய நோட்டீஸ்: 'லக்கிலி, கமலா மாமியின் துளசிச் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.'

"'நல்லவேளை'ன்னு தமிழ்லயே எழுதலாமே சார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நல்லவேளைன்னா அந்த நேரத்துக்கு நன்றி சொல்ற மாதிரி ஆயிடும். லக்கிலியில யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்ல. சூதாட்ட மேசையிலேர்ந்து வந்த சொல்லும்பாங்க. தாயம் விழுந்தா விழுந்தது, அவ்வளவுதான்."

லிப்டுக்காகக் காத்திருப்பவர் யாராக இருந்தாலும் அந்தச் சொல்லின் வரலாறு கிடைக்கும். ஆதியில் அது வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு இருந்ததாம். ஒருவன் 'லக்கிலி' போரிட்டான் என்றால், காரியம் கைகூடும்படி போரிட்டான் என்று பொருள். போகப்போக அது வாக்கியத்தின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. "அப்புறம் போரிட்டவனுக்கும் அதுக்கும் சம்பந்தம் விட்டுப்போச்சு. சொல்றவன் விடற பெருமூச்சா மாறிடுச்சு" என்பார். இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் லிப்ட் வந்துவிடும். வராத நாட்களில் பலர் படியேறிப் போய்விடுவார்கள்.

எங்கள் கட்டடத்தில் அந்தச் சொல் இன்னொரு திருப்பமும் எடுத்தது. கெட்ட செய்தி இல்லாமல் அது வருவதே இல்லை என்பதால், எங்களுக்கு லக்கிலி என்றாலே விபத்து என்று ஆகிவிட்டது. வாட்ச்மேன் ஏழுமலை இன்டர்காமில் கூப்பிடுவார். "சார், தண்ணி சம்ப்பாண்ட லக்கிலி சார். மோட்டாரு பொகைஞ்சிக்கினு கீது." தரைத்தளத்துக் கமலா மாமியோ அவரை நேராகவே கேட்டார்.

"எங்காத்து மாப்பிள்ளைக்கு டிரான்ஸ்பர் ஆயிடுத்து. நீங்க பாட்டுக்கு வந்து லக்கிலின்னு ஏதும் ஆரம்பிச்சுடாதேங்கோ."

"எந்த ஊர் மாமி?"

"சொல்ல மாட்டேன். சொன்னா அதுல ஒரு நல்லதைக் கண்டுபிடிச்சுடுவேள்."

அவருக்கு இதில் கோபமே இல்லை. அர்த்தம் தலைகீழானதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். "மத்த அர்த்தமெல்லாம் மாற நூத்துக்கணக்கான வருஷம் ஆச்சு. ஏழுமலை நாலே வருஷத்துல முடிச்சிட்டான்" என்று பெருமைப்பட்டார்.

இந்த வருடம் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. கூட்டத்தில் கைதூக்கச் சொல்லி எண்ணியவர் அவர்தான். "பன்னிரண்டுக்குப் பதினொண்ணு" என்றார். யார் தூக்கவில்லை என்று கமலா மாமி சுற்றிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பன்னிரண்டாவது வீடு அவர் குடியிருப்பது, அதன் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். லக்கிலி சார் வாடகைக்கு இருப்பவர். சங்க விதிப்படி வாடகைக்காரர் செயலாளராகவே இருக்க முடியாது. பதினோரு வருடங்களுக்கு முன் வேறு யாரும் முன்வரவில்லை என்று அவரை உட்கார வைத்தோம். பிறகு விதியை மறந்தோம், அவருக்குச் சொந்த வீடு இல்லை என்பதையும் மறந்தோம். எதையும் குறித்து வைக்கும் நானும் மறந்திருந்தேன்.

எங்களுக்கெல்லாம் இரண்டு வருடத்தில் புது வீடு. அவருக்குத் திரும்பி வர இடமில்லை. வேறு வீடு தேடி பெசன்ட் நகரிலிருந்து மந்தைவெளி வரை ஏழு இடம் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "தனியாவா இருப்பீங்க? வயசும் ஆயிடுச்சு. ஏதாவது ஒண்ணுன்னா யாரு பாக்கறது?"

ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து என்னிடம் சொல்வார். "லக்கிலி, அங்க மாடிப்படி ரொம்பச் செங்குத்து." "லக்கிலி, அந்த வீட்டு நாய்க்கு என்னைப் பிடிக்கல." ஏழாவது வீட்டுக்குப் போய்வந்த அன்று என் வாசலில் நிற்காமல் நேராகத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூன் 9 நோட்டீசில் இருந்தது இதுதான்: 'இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் அனைவரும் வீடுகளைக் காலி செய்ய வேண்டும். லக்கிலி,'

அதற்கப்புறம் வெற்றுக் காகிதம்.

சாயங்காலத்துக்குள் கட்டடமே போர்டின் முன் வந்து நின்றுவிட்டுப் போனது. வீடு இடிவதைவிட அந்தக் கால்புள்ளிதான் எல்லோரையும் தொந்தரவு செய்தது.

"சார், மீதி எங்க சார்?" என்றார் ஏழுமலை.

"தேடிக்கிட்டு இருக்கேன்ப்பா."

"சும்மானாச்சும் எதுனா எழுதிடு சார். யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேனே."

கமலா மாமி தன் வாசலில் நின்றபடி, "எதையாவது எழுதித் தொலையுங்கோ. பாதியில தொங்கிண்டு நிக்கறது" என்றார். லக்கிலி சார் சிரித்துவிட்டு, லிப்ட் இருந்தும் படியேறிப் போனார்.

ஏழு மணிக்கு டைரியை எடுத்தேன். அன்றைய பக்கத்தை எழுதும் முன் முந்தைய பக்கங்களைப் படிப்பது என் வழக்கம். ஜூன் 5, வியாழக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'இந்திரா நகர் வீடு பேசி முடித்தோம். முதல் மாடி. இரண்டு வருடம். கீழே சின்ன போர்ஷன் காலி.' குறித்து வைத்தவன் நான்தான். யோசிக்காமல் இருந்தவனும் நான்தான்.

ஜூன் 10, செவ்வாய்க்கிழமை. எழுந்ததும் மோட்டார் போடவில்லை, பாலும் எடுக்கவில்லை. 6.10க்கு இந்திரா நகர் வீட்டு வாசலில் நின்றேன். வீட்டுக்கார அம்மாள் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கீழ் போர்ஷனை லக்கிலி சாருக்காகக் கேட்டேன்.

"தனி ஆளுக்கு நாங்க குடுக்கறதில்ல சார்."

"தனி ஆள் இல்லம்மா. மாடியில நாங்க இருக்கோமே."

"அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"எங்க செக்ரட்டரிம்மா" என்றேன். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார். "அண்ணன்னு வெச்சுக்குங்க."

"ஏதாவது ஒண்ணுன்னா?"

"நான் பாத்துப்பேன்."

கையிலிருந்த ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சாவியை எடுத்து வந்து போர்ஷனைத் திறந்து காட்டினார். படிகள் இல்லை. நாயும் இல்லை. ஜன்னலைத் திறந்து பார்த்தேன், குழாயைத் திருகிப் பார்த்தேன். திரும்பி வந்து, போர்டில் அந்தக் கால்புள்ளிக்கு அடுத்து எழுதினேன்: 'எங்கள் வீட்டுக்குக் கீழேயே செயலாளருக்கு ஒரு வீடு இருக்கிறது.'

சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.