முடியாது என்று சொன்ன சனிக்கிழமை

இனி யார் எது கேட்டாலும் "முடியாது" என்று சொல்லிவிடுவது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இப்படி ஒரு முடிவெடுத்தார்.

கடைத்தெருவில் அவருக்குத் 'தலையாட்டி' என்று பெயர். உடைந்த காதுக்கம்பியை ஓசியில் மாற்றித் தரச் சொன்னால் தலையை ஆட்டுவார். பக்கத்துக் கடைக்காரர் தன் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அதற்கும் ஆட்டுவார். வேண்டாம் என்று பக்கவாட்டில் ஆட்டினால்கூட ஜனங்கள் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அப்படியொரு கழுத்து.

முடிவுக்குக் காரணம், ஏழாவது படிக்கும் மகள். அந்த வாரம் பள்ளியில் போதைத் தடுப்பு வகுப்பு. சிகரெட், மது, மாத்திரை என்று எதையாவது கூட்டாளி நீட்டினால் எப்படி மறுப்பது என்று நாலு படி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை வீட்டில் நடித்துப் பழக வேண்டுமாம்.

"அப்பா, நான் கெட்ட சிநேகிதன். நீங்க நல்ல பையன்."

"சரிம்மா."

"இப்பவே சரி சொல்லாதீங்க. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

பென்சிலைச் சிகரெட் மாதிரி நீட்டினாள். "ஒண்ணே ஒண்ணு இழுத்துப் பாருடா. எனக்காகடா."

வாங்கிக்கொண்டார்.

"அப்பா! அரை நிமிஷம்கூட ஆகல!"

"இல்லம்மா, நீட்டின கை அப்படியே நிக்குது. பாவமா இருந்துச்சு."

மகள் சிரிக்கவில்லை. "ஆசைப்பட்டு வாங்கறவங்களைவிட, சிநேகிதன் மனசு நோகுமேன்னு வாங்கறவங்கதான் மாட்டிக்கறாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. நீங்க யார்கிட்டயும் முடியாதுன்னு சொல்லி நான் பார்த்ததே இல்லப்பா. நானும் உங்களை மாதிரியே ஆயிட்டா?"

சுருக்கென்றது. கல்லூரி விடுதியில் ஒருத்தன் நீட்டிய சிகரெட்டை வாங்கி, அதை விட்டொழிக்க ஆறு வருஷம் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். மகளின் நோட்டை வாங்கி நாலு படியையும் மனப்பாடம் செய்தார். கண்ணைப் பார்த்து முடியாது என்று சொல். காரணம் ஒன்றே ஒன்று சொல். பேச்சை மாற்று. எதுவும் பலிக்காவிட்டால் இடத்தைவிட்டுப் போய்விடு.

சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் மனைவியின் தம்பி வீடு மாற்றுகிறான். புது வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பீரோ உண்டு.

சனிக்கிழமை எட்டு மணி. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் சாப்பாட்டு மேஜையில் நோட்டும் பேனாவுமாக.

"பீரோ தூக்க ஒரு கை குறையுதாம். தம்பி கேட்டான்," என்றாள் மனைவி.

அவர் அவள் கண்ணைப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் இவ்வளவு நேராகப் பார்த்ததில்லை. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"முடியாது."

"சரி."

அவ்வளவுதான். ஏன் என்று கேட்பாள் என நம்பிக் காரணம் ஒன்றைத் தயார்செய்து வைத்திருந்தார். யாரும் கேட்காத காரணம் தொண்டையில் நின்று உறுத்தியது.

"ஏன்னு கேக்கமாட்டியா?"

"எதுக்கு? முடியாதுன்னா முடியாது."

"முதுகு வலிக்குது."

"ஐயோ, அப்ப தூக்காதீங்க. பின்னாலேருந்து தள்ளுங்க, போதும்."

மகள் மேஜைக்கடியில் மூன்று விரலைக் காட்டினாள். பேச்சை மாற்ற வேண்டும். கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பழுப்புச் சட்டை புதுசா?"

"உங்களோடதுதான். பழசு. அழுக்கானா பரவாயில்ல. போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டார். கடைசிப் பொத்தானை மாட்டிய பிறகுதான் தான் செய்த காரியம் அவருக்கே உறைத்தது. இனி ஒரே ஒரு படிதான் பாக்கி.

"நான் வெளியில போறேன்!" என்று கத்திக்கொண்டே செருப்பை மாட்டினார்.

அவள் தடுக்கவில்லை. "பார்த்துப் போங்க," என்று கதவைக்கூட அவளே திறந்துவிட்டாள். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் தெருவாசலுக்கு வந்தபோது விசிலே வந்துவிட்டது. வாசலில் ஒரு சின்ன வேன் உறுமிக்கொண்டு நின்றது. மச்சான் கதவைத் திறந்து பிடித்திருந்தான்.

"ஏறுங்க மாமா. எட்டேகாலுக்கு வேகமா இறங்கி வருவீங்க, எதுவும் கேக்காம ஏத்திக்கோன்னு அக்கா நேத்தே சொல்லிட்டா."

கையை நீட்டினான். அவர் பிடித்துக்கொண்டு ஏறினார்.

பீரோ நாலாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய முதுகு இரண்டாவது மாடியிலேயே தங்கிவிட்டது. சாயங்காலம் கட்டிலில் குப்புறக் கிடந்தார். மகள் தைலம் தேய்த்தாள். தோற்றவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று விடுதிக் கதையை முழுசாகச் சொல்லிவிட்டார். வாங்கியது, விட்டது, திரும்ப வாங்கியது, கடைசியில் விட்டது எல்லாம்.

மகள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு முழுக் கதையையும் கேட்டுக்கொண்டாள். சொல்லி முடித்ததும் அவர் அவளைக் கேட்டார்.

"இப்ப சொல்லும்மா. உன்கிட்ட ஒருத்தர் நீட்டினா என்ன பண்ணுவ?"

"எனக்குப் பயமே இல்லப்பா. போன திங்கக்கிழமையிலேருந்தே அம்மாகூட நடிச்சுப் பழகறேன். அம்மா எப்படிக் கெஞ்சுவாங்க தெரியுமா? அவங்ககிட்டயே அஞ்சு தடவை முடியாதுன்னு சொல்லி ஜெயிச்சுட்டேன்."

அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அப்புறம் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"வீட்டுப்பாடம்தான் அம்மாகூடவே முடிஞ்சுபோச்சே. அப்புறம் ஏன் நேத்து எனக்கு நாலு படியும், கடைசியில வாசலுக்கு ஓடுறது வரைக்கும், சொல்லிக்கொடுத்த?"

"அது அம்மா கொடுத்த வீட்டுப்பாடம்ப்பா."