கடை வாசலில் கூப்பிடும் என் குரலை நிறுத்தக் கோரி

மதிப்பிற்குரிய அய்யாதுரை அண்ணாச்சி அவர்களுக்கு,

வசுமதி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் பேச்சியம்மாள் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் துணிக்கடை சௌக்கியமாக இருப்பது என் சமையலறை ஜன்னல் வழியாகவே கேட்கிறது. நமக்கு நடுவில் ஒரு சந்துதானே. நேரில் வந்து சொல்லலாம். வந்தால் காபி வரவழைத்து என் மனதை மாற்றிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

கடை வாசல் ஒலிபெருக்கிக்கு நான் குரல் கொடுப்பதாக நாம் போட்ட ஒரு வருட ஒப்பந்தத்தை, ஆடித் தள்ளுபடிக்கு முன்பாகவே முடித்துக்கொள்ள விரும்புகிறேன். தங்கள் மீது எந்தக் குறையும் இல்லை. குறை என் குரல் மீதுதான்.

பதிவு செய்த அன்று நான் முதலில் பேசியதைக் கேட்டுவிட்டு, "என்னம்மா இது, லோன் கட்டலன்னு பேங்க்லேர்ந்து பேசுத மாதிரில்லா இருக்கு! உங்க அப்பா வந்து வாசல்ல நிக்காருன்னு வையி. எப்படிக் கூப்பிடுவ? அப்படிக் கூப்பிடு" என்றீர்கள். மருந்து விளம்பரம், லிஃப்ட் கதவு, கண்காட்சி அறிவிப்பு என்று குரலை வைத்தே இத்தனை காலம் பிழைத்தவளுக்கு ரோஷம் வராதா? கண்ணை மூடிக்கொண்டு, "வாங்கப்பா! ஏன் வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்கப்பா!" என்றேன். ஒலிப்பதிவுக்காரர் மூக்கை உறிஞ்சினார். தாங்கள் அதையே போடச் சொன்னீர்கள். என் கஷ்டகாலம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

என் அப்பா வெங்கடரமணன் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னோடுதான் இருக்கிறார். கொஞ்ச காலமாக ஞாபகம் கழன்றுகொண்டு வருகிறது. ஒலிபெருக்கி கட்டிய அன்று காலை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஜன்னல் வழியாக என் குரல் வந்தது, உடனே கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார், எங்கே கிளம்பிட்டீங்கப்பா என்றால் "நீ கூப்பிடறியேம்மா" என்கிறார், நான் இங்கேதானே நிக்கறேன் என்றால் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அப்புறம் என் மனம் நோகக்கூடாதே என்பதுபோல மெதுவாக, "நீ இரும்மா. அவ ரொம்ப நேரமா கூப்பிடறா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். கதவைப் பூட்டினால் தட்டுகிறார், அதைக் கேட்டுவிட்டு மேல்வீட்டு ஃபிர்தௌஸ், "ஏன்க்கா, பெத்தவர உள்ள வெச்சுப் பூட்டிட்டு, கடை வாசல்ல மட்டும் அப்பா அப்பான்னு உருகறீங்களே, நல்லாவா இருக்கு?" என்று மாடிப்படியில் வைத்துக் கேட்டுவிட்டாள். பூட்டாவிட்டால் தங்கள் வாட்ச்மேனிடமிருந்து போன் வரும். "இன்னா மேடம், நைனா வந்துட்டாரு. ரெண்டாவது மாடில பிளவுஸ் பிட்டாண்ட குந்திகினு கீறாரு." போய்ப் பார்த்தால் அது கல்யாண வீடு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசலில் வரவேற்பு, உள்ளே அவ்வளவு பட்டுப்புடவை, அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா? முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு கல்யாணப் பெண் அவர் காலிலேயே விழுந்துவிட்டாள், இவர் அவளை ஆசீர்வதித்துவிட்டு, பந்தி எப்ப போடுவாங்க என்று கேட்டிருக்கிறார். நான் வெட்கத்தில் கூனிக்குறுகிப் போய் நின்றால் தங்கள் மேனேஜர் நல்லசிவம், "இருக்கட்டும்க்கா, ராசியான மனுசன்" என்கிறார்.

எனக்கு அந்த ராசி வேண்டாம் அண்ணாச்சி. நடுவில் இருக்கும் சந்தில் பைக்குகள் வருகிற வேகம் தங்களுக்குத் தெரியும். போன வாரம் ஒருத்தன் அப்பாவை இடித்துத் தள்ளிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். முழங்கை முழுக்க சிராய்ப்பு. அடுத்த தடவை முழங்கையோடு நிற்குமா? அவர் ரோட்டில் விழுந்து கிடக்கும்போதும் மேலே என் குரல் உள்ள வாங்கப்பா என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நேற்று நல்லசிவத்திடம் போனில் சொன்னேன். தங்கள் பதில் வரும்வரை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். இன்று காலையிலிருந்து ஜன்னல் பக்கம் சத்தமே இல்லை. நிம்மதியாக இதை எழுதி முடித்தேன். தாங்கள் கட்டும் ஐந்தாவது மாடி நல்லபடியாக எழும்ப வேண்டும், அக்காவின் முட்டிவலி குறைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெ. வசுமதி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுவிட்டு நிமிர்ந்தால் அப்பா இல்லை. கூப்பிட்டுக்கொண்டிருந்தவளைக் காணோமே என்று தேடிப் போயிருக்கிறார். தங்கள் கடை வாசலுக்கு ஓடி வந்து பார்த்தால், அதையும் தாண்டி, மாம்பலம் ஸ்டேஷன் போகும் கூட்டத்துக்குள் அவருடைய வழுக்கைத் தலை தெரிந்தது. "அப்பா! நில்லுங்க! எங்க போறீங்க?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் யாருடைய அப்பாக்களோ திரும்பினார்கள். என் அப்பா திரும்பவில்லை. வாட்ச்மேன், "நீ கத்தாத மேடம், இரு" என்று ஓடிப்போய் ஒலிபெருக்கியைப் போட்டார். அப்பா நின்றார். திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பாக, என்னைத் தாண்டிக் கடைக்குள் போனார்.

ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தம் தொடரட்டும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். அவர் சந்தில் குறுக்கே வரும்போது வாட்ச்மேன் கையைப் பிடித்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும். இன்னும் ஒரு வரி பேசித் தருகிறேன், கடை சாத்துவதற்கு முன் போட வேண்டும்: "நேரமாச்சு, வீட்டுக்கு வாங்கப்பா." அதைக் கேட்டுத் தங்கள் வாடிக்கையாளர் யாராவது கூடவே கிளம்பி வந்துவிட்டால் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.