சுவிட்ச் வெளிப்பக்கம்

இனிமேல் எந்த போட்டோ லேப்காரன் வாசலையும் மிதிப்பதில்லை என்று முடிவு செய்தேன். கலர் பிலிமை நானே, என் வீட்டிலேயே, என் கையாலேயே கழுவுவேன்.

காரணம், மானம். ஒரு ரோல் கழுவ லேப்காரன் ஒரு விலை சொன்னான். நான் பாதி சொன்னேன். அவன் சிரித்தான். எழுந்து வாசலுக்கு நடந்தேன். இந்த இடத்தில் எதிராளி கூப்பிட வேண்டும். அதுதான் முறை. திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மூட்டை தூக்கிய நாளிலிருந்து பழைய சாமான் ஏலம் எடுக்கிற இன்றுவரை, முதுகைக் காட்டியே முன்னுக்கு வந்தவன் நான். அவன் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். அப்போதும் கூப்பிடவில்லை. தெருவே கேட்கும்படி கத்திவிட்டு வந்தேன்.

பிலிம் என் கைக்கு வந்ததே ஒரு ஏலத்தில்தான். குமணன்சாவடியில் ஒரு ஸ்டூடியோவை மூடினார்கள். சாமானை மொத்தமாக எடுத்தேன். அதில் ஒரு கேமரா, பத்து ரோல், பிலிம் கழுவுகிற டப்பா எல்லாம் இருந்தன. செல்போனில் படம் எடுத்துச் சலித்த இளவட்டங்கள் இப்போது பிலிம் பிலிம் என்று அலைகிறார்களாம். அவர்களுக்கு விற்கலாம் என்றுதான் எடுத்தேன். கண்ணருகே வைத்து ஒரு தடவை 'க்ளிக்' பண்ணினேன். விற்க மனசு வரவில்லை.

முதல் ரோலே பெரிய இடம். என் மனைவி புஷ்பாவின் தங்கச்சி மகள் மைதிலிக்கு வளைகாப்பு. மண்டபத்தில் நாற்பது செல்போன் நீண்டுகொண்டிருந்தது. நான் போட்ட அதட்டலில் நாற்பதும் பைக்குள் போயின. "எவனும் எடுக்காத! நான் ஒர்த்தன் எடுக்கறேன். முப்பத்தாறே படம், முத்து முத்தா!" புஷ்பாவின் தம்பி கோகுல்நாத் மட்டும் காதில் விழுகிற மாதிரி முணுமுணுத்தான். "மாமா நல்லா பிலிம் காட்றாரு."

ஆக, அந்த வளைகாப்புக்கு உலகத்தில் ஒரே சாட்சி என் ரோல். அது கெட்டால் மாமியார் வீட்டுப் பக்கம் நான் தலை காட்ட முடியாது.

பிலிம் ஒரு ரோஷக்காரன். ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் போச்சு. கும்மிருட்டில் ரோலைப் பிரித்து, ஒரு சக்கரத்தில் சுற்றி, டப்பாவில் போட்டு மூட வேண்டும். மூடிவிட்டால் நடுத்தெருவில் வைத்துக் கழுவலாம். எங்கள் திருமுல்லைவாயில் வீட்டில் அப்படி இருட்டு கிடைக்கிற ஒரே இடம் பாத்ரூம். வென்டிலேட்டரில் பழைய பிளெக்ஸ் பேனரை வைத்து ஆணி அடித்தேன். கதவிடுக்கில் மூன்று லுங்கியைத் திணித்தேன். செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

"புஷ்பா, லைட்ட அணை!"

டப். என் கை எனக்கே தெரியவில்லை.

தரையில் உட்கார்ந்து நான் ரோலைப் பிரித்ததும் பிலிம் சுருண்டுகொண்டு சீறியது. சக்கரத்தில் ஏற மாட்டேன் என்றது. வியர்த்தது. பாதி ஏறிச் சிக்கியது. சரி, அப்படியே டப்பாவில் திணித்து மூடிவிடலாம் என்றால் மூடியைக் காணோம். தடவினேன். வாளி. விளக்குமாறு. ஏதோ கொழகொழவென்று ஒன்று. மூடி மட்டும் இல்லை. முக்கால் மணி நேரமாவது போயிருக்கும்.

வெளியே கொலுசு வந்து நின்றது.

"இன்னாய்யா, முடிஞ்சிச்சா?"

"இல்லமே. கம்முனு இரு."

"கம்முனுதான் கீறேன். ஒரு டவுட்டு. இப்ப லைட்ட போட்டா இன்னாவும்?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் பாத்ரூம் சுவிட்ச் வெளிப்பக்கம் இருக்கிறது.

"அய்யோ! எல்லாம் கறுத்துப் பூடும்! கைய வெக்காத!"

"மைதிலி படங்கூடவா?"

"முப்பத்தாறுந்தான்!"

பேச்சு நின்றது. அந்த மௌனத்தை எனக்குத் தெரியும். ஏலத்தில் நான் விடுகிற மௌனம்.

"அப்ப, மாவுக்கடை விசயத்த பேசலாமா?"

நான்கு வருடமாகக் கேட்கிறாள். முன்ரூமில் இட்லி மாவுக்கடை போட வேண்டுமாம். அந்த ரூமில் என் சரக்கு இருக்கிறது. ஏழு டேபிள் ஃபேன், இரண்டு தையல் மிஷின், ஒரு பல் டாக்டர் நாற்காலி. அவள் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நான் கத்துவேன். அவள் அடங்கிவிடுவாள். அடங்கிவிட்டாள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வெளிய வந்து பேசறேன்."

"வெளிய வந்தா நீ கத்துவ. உள்ள இருக்கசொல்லதான்யா நீ மனுசன்."

"மெரட்டறியா?"

"கேக்கறேன். போடட்டா, வேணாமா?"

"வேணாம்! பாதி ரூமு எடுத்துக்க!"

"பாதியா? சரிய்யா, நான் ரேசன் கடைக்குப் போறேன். கோகுல்நாத்து குளிக்க வர்றேன்னு சொன்னான். வந்தா மொதல்ல சுவிச்சுலதான் கைய வெப்பான். யாரும் இல்லன்னா அவனுக்கு எப்படித் தெரியும்?"

கொலுசு நகர்ந்தது. ஹாலைத் தாண்டியது. செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. கழற்றுகிற சத்தம் கேட்கவே இல்லை.

"முக்கா ரூமு!"

செருப்பு இரண்டடி நடந்தது.

"முழு ரூமு! திரும்பி வாமே!"

என் சரித்திரத்தில் முதல் தடவையாக நான் எதிராளியைக் கூப்பிட்டேன்.

வந்தவள் தனியாக வரவில்லை. அடுத்த வீட்டு ராஜம்மாவைச் சாட்சிக்குக் கூட்டிவந்தாள்.

"வேம்புலியம்மன் மேல சத்தியம் பண்ணுய்யா. ராஜம்மாக்கா கேட்டுக்கினு கீறாங்க."

"சத்தியம்!"

"அந்தப் பல்லு நாக்காலி?"

"தூக்கிடறேன்!"

"போர்டுல இன்னா பேரு?"

"அப்பாவு மாவு நிலையம்," என்று என் பேரைச் சொன்னேன்.

"போடட்டா?"

"புஷ்பா! புஷ்பா மாவுக்கடை!"

"மாவு யாரு அரைக்கறது?"

"நீதான்."

"போடட்டா?"

"நானே அரைக்கறேன்!"

ராஜம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணாத்தே, கிரைண்டர் கழுவறது?"

"அதையும் நானே கழுவறேன், தாயே! சுவிச்சுலேர்ந்து கைய எடுக்கச் சொல்லு!"

பிலிம் கழுவ உள்ளே போனவன் கிரைண்டர் கழுவ ஒப்பந்தம் போட்டேன். அலுத்துப்போய் எழுந்தேன். லுங்கியில் ஒட்டிக்கொண்டு வந்த ஒன்று டொக்கென்று கீழே விழுந்தது. மூடி! அவ்வளவு நேரமும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

பிலிமைத் திணித்து, மூடி, கதவைத் திறந்தேன். இனி அவளிடம் துருப்பு இல்லை. நான்கு வருடக் கத்தலையும் மொத்தமாகக் கத்திவிட வாயைத் திறந்தேன். ராஜம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். அம்மன் மேல் செய்த சத்தியம் வேறு. வாயை மூடிக்கொண்டேன். போகட்டும், வளைகாப்பாவது பிழைத்தது.

கழுவுகிற மருந்து சரியாக முப்பத்தெட்டு டிகிரியில் இருக்க வேண்டும். மருந்து பாட்டிலை நிறுத்திய வாளித் தண்ணீரில் ஹீட்டர் ராடைப் போட்டேன். பத்து நிமிடம் கழித்து விரலை விட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. பிளக்கை ஆட்டினேன். ராடைத் தட்டினேன். அதை விற்றவனின் பரம்பரையையே திட்டினேன்.

"அத ஏன்யா திட்ற?" என்றாள் புஷ்பா, உளுந்து அளந்துகொண்டே. "கரண்ட்டு இல்ல. மெயின்டெனன்ஸாம். ஒம்போது மணிக்கே நிறுத்திட்டான். சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வரும்."

பாத்ரூம் சுவிட்சைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்ப... அந்த சுவிச்சு?"

"நான் எங்கய்யா போடறேன்னு சொன்னேன்? போடட்டான்னுதான கேட்டேன். கேக்கறதுக்கு இன்னாத்துக்கு கரண்ட்டு?"