நிற்க

ஏழு மேம்பாலங்களைத் தாண்டி, கட்டி முடிக்காமல் பாதியில் விட்ட எட்டாவது மேம்பாலத்துக்கு அடியில் புகுந்து போனால் விரைவூர் என்றொரு நாடு வரும். அந்த நாட்டை ஆண்டவருக்கு முதலடியார் என்று பட்டம். முன்னேற்றப் பாதையில் முதல் அடியை எடுத்து வைத்தவர் அவர்தான் என்று ஒரு குழு கண்டுபிடித்துக் கொடுத்த பட்டம் அது. குழுவை அமைத்தவரும் அவர்தான். இரண்டாவது அடியை எப்போது எடுத்து வைத்தார் என்பது பற்றி விரைவூரின் பாடப் புத்தகங்களில் ஒரு வரியும் கிடையாது.

ஒரு தை மாதம் கடல் கடந்த தேசத்திலிருந்து விருந்தினர் ஒருவர் வந்தார். அவரை அரண்மனையின் பதினான்காவது மாடிக்கு அழைத்துப் போய்ச் சன்னலைத் திறந்து, எங்கள் நகரத்தைப் பாருங்கள் என்றார் முதலடியார். விருந்தினர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, ஏன் எல்லோரும் நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்று கேட்டார்.

கேட்டதில் தப்பில்லை. வராத பேருந்துக்காக ஒரு கூட்டம் நின்றது. தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு ஒரு கூட்டம். ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழாதவர்கள் விரலைத் துடைத்துத் துடைத்து நின்றார்கள். விருந்தினர் கேட்டது 'ஏன்' என்று. அந்த ஒரு சொல் மட்டும் முதலடியாரின் காதில் விழவில்லை. எல்லோரும் நிற்கிறார்கள் என்பது மட்டும் நன்றாக விழுந்தது.

அடுத்த வாரமே பொது இடங்களில் நிற்றல் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. அதை நடத்த நகர்வுத் துறை என்று ஒன்றும், அதற்கு ஆணையராகப் பரஞ்சோதி என்பவரும் வந்தார்கள். "நகர்வதால்தான் அது நகரம். நகராதவர் எப்படி நகரவாசி ஆவார்?" என்று ஆணையர் முதல் பேட்டியிலேயே கேட்டார். பேட்டி எடுத்தவர்கள் நடந்தபடியே கை தட்டினார்கள்.

பேருந்து நிறுத்தம் என்ற பலகைகளை அழித்துப் 'பேருந்து கடப்பிடம்' என்று எழுதினார்கள். பேருந்து கொஞ்சம் மெதுவாகப் போகும். கால் உள்ளவன் தாவிக்கொள்ள வேண்டியது. ரேஷன் வரிசை கடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. டீயை நடந்துகொண்டே குடித்தார்கள், பாதி சட்டையில். தள்ளுவண்டிகள் உருண்டபடியே வியாபாரம் செய்ய வேண்டும்.

மூன்றாம் குறுக்குத் தெரு திரும்புகிற மூலையில் துணி தேய்க்கும் காத்தாயிக்கு இங்கேதான் வந்தது வினை.

இருபத்திரண்டு வருடமாக அந்த மூலையும் அங்கே இருந்த புங்கமரமும் அவளுடையவை. தெருவில் ஓட்டு வீடுகள் இருந்தபோது வந்தவள். ஓட்டு வீடுகள் போய் மாடி வீடுகள் வந்தன, அவையும் போய்ப் பதினெட்டு மாடிக் குடியிருப்பு வந்தது. தெருவே நூறு தடவை மாறியும் அவளும் மரமும் மட்டும் மாறவில்லை. எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதைத் துணி மூட்டையை வைத்தே சொல்லிவிடுவாள். ஒரே வீட்டிலிருந்து தனித்தனியாக இரண்டு மூட்டை வந்தால் அப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது? ஆணையர் பரஞ்சோதியும் அந்தக் குடியிருப்பில் ஆறாவது மாடிதான். மேலே கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. உள்ளே போடும் பனியன் ஓட்டையில் இரண்டு விரல் நுழையும். அதுவும் காத்தாயிக்குத் தெரியும்.

சட்டம் வந்த பிறகு அவள் கணவன் தனக்கோடி வண்டியைத் தள்ள, அவள் கூடவே நடந்து தேய்த்தாள். தனக்கோடிக்கு ஏற்கெனவே இடுப்பு சரியில்லை. தெருவோ, ஒரு துறை தோண்டி இன்னொரு துறை மூடாமல் விட்ட தெரு. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கரிப்பெட்டி ஒரு முழம் வழுக்கிப் போய் எவர் சட்டையின் முதுகையாவது தீய்த்தது. வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். சண்டையையும் நடந்துகொண்டே போட்டார்கள். பின்னால் ஏட்டு பவுன்ராஜ் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருப்பார். காலை ஊன்றினால் அவர் மேலேயே வழக்கு.

அதே மூலையில் கொய்யாப்பழம் விற்ற யாகப்பனுக்கும் இதே பாடு. அறுபது தாண்டியவர். காத்தாயியைவிட மூத்தவர்தான், ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"வாங்கறவனும் ஓடறான், விக்கறவனும் ஓடறேன். யாரு யாரத் தொரத்தறோம்னே தெரியல யக்கா" என்றார் ஒருநாள், ஒன்பதாவது சுற்றில்.

கத்திரி வெயிலில், பதினோராவது சுற்றில், புங்கமரத்தடியிலேயே யாகப்பன் விழுந்தார். வண்டி சாய்ந்தது. கொய்யாப்பழங்கள் மட்டும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உருண்டுகொண்டே போயின. காத்தாயி ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள், உள்ளே இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, நிற்கக் கூடாதென்பதால் தெருவை இரண்டு முறை சுற்றியது.

நகர்வுத் துறையின் அறிக்கை மூன்றே நாளில் வெளிவந்தது. 'மேற்படி யாகப்பன் நின்றதால் இறக்கவில்லை; இறந்ததால்தான் நின்றார். ஆகவே அன்னார் மீது நடவடிக்கை ஏதுமில்லை.' இதைத் துறையின் கருணை என்று ஆணையர் வருணித்தார். ஆனால் பிணத்தைச் சுற்றி நின்ற பதினேழு பேர் மீது வழக்குப் பதிவானது. முதல் பெயர் காத்தாயி. இனிமேல் மௌன அஞ்சலியை நடந்தபடி செலுத்த வேண்டும் என்று சட்டத்தில் ஒரு திருத்தமும் சேர்ந்தது. சட்டசபையில் யாகப்பனுக்கு அல்ல, வேறு யாரோ ஒரு பெரியவருக்கு அப்படி அஞ்சலி செலுத்தினார்கள். மேசையைச் சுற்றி மூன்று சுற்று.

காத்தாயி மனு எழுதிக்கொண்டு ஆணையர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே குமாஸ்தாக்கள் கோப்பும் கையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆணையர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீ நம் தெருக்காரி அல்லவா? என் அரைக்கைச் சட்டை என்ன ஆயிற்று?"

"உங்க சட்டத்துல எரிஞ்சு போச்சு சார்."

ஆணையருக்குக் காது கேட்காத மாதிரி இருந்துவிடும் வழக்கம் உண்டு. "கோரிக்கையைச் சுருக்கமாகச் சொல்" என்றார்.

"நிக்க ஒரு எடம் வேணும் சார். புதுசா ஒண்ணும் கேக்கல. நான் நின்ன எடமே போதும்."

பரிசீலிக்கப்படும் என்று சொல்லிவிட்டு ஆணையர் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்.

எட்டாம் நாள் பதில் வந்தது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த தனக்கோடி, ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டே எழுத்துக்கூட்டி வாசித்தான். 'அம்மையீர், தங்கள் மனு கிடைக்கப்பெற்றது. மாண்புமிகு முதலடியார் அவர்கள் தங்கள் நலனில் கொண்டுள்ள அக்கறை அளவிடற்கரியது. நிற்க.'

தனக்கோடி வண்டியை நிறுத்திவிட்டான்.

"நிக்கச் சொல்லிட்டாங்கடி."

"முழுசாப் படிய்யா."

"முழுசாத்தான் படிக்கறேன். நிற்க. புள்ளி வெச்சிருக்கான்."

"புள்ளிக்கு அப்பறம்?"

"அப்பறம் என்னென்னமோ இருக்குது. புள்ளிக்கு அப்பறம் இருக்கறது நமக்கெதுக்கு?"

ஒரு சேதியை முடித்து அடுத்த சேதிக்குத் தாவும்போது, சொன்னது அப்படியே இருக்கட்டும் என்பதற்காகப் போடுகிற சொல் அது என்று காத்தாயிக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்கும் அந்தக் காலத்தில் கடிதங்கள் வந்ததுண்டு. அடுத்த வரியில் 'தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது' என்று இருப்பதை அவள் தலைகீழாகவே பார்த்து ஊகித்துவிட்டாள். ஆனாலும், கடிதத்தைப் புள்ளிக்குக் கீழே மடித்து, மடிப்பின்மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி ஓட்டினாள். கண்ணாடித்தாள் ஒட்டி வண்டியின் முகப்பில் கட்டினாள். பிறகு வண்டியைத் தன் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், புங்கமரத்தடியில், சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தாள்.

ஏட்டு பவுன்ராஜ் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நகர்வுத் துறை முத்திரை, ஆணையர் பெயர், நடுவில் 'நிற்க'. சைக்கிளிலிருந்து இறங்கி, தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு காலையும் தரையில் ஊன்றினார். அரசாங்கமே எழுதிக் கொடுத்த பிறகு அதை எதிர்ப்பது தம் வேலையில்லை என்றார். அப்படியே மரத்தில் சாய்ந்துகொண்டு, தம் சட்டையையும் கொஞ்சம் தேய்த்துத் தரும்படி கேட்டார்.

அப்புறமென்ன, தெருவே மனு போட்டது. யாகப்பன் மனைவி ரோசலின் போட்டாள், பூக்காரர்கள் போட்டார்கள், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் கூட்டாகப் போட்டார்கள். போட்ட ஒவ்வொருவருக்கும் 'நிற்க' என்று பதில் வந்தது. நகர்வுத் துறை புதிதுதான், ஆனால் அது எடுத்து அனுப்பிய அரசாங்க மாதிரிக் கடிதம் பல ஆட்சிகளுக்கு முந்தியது. அதில் ஒரு சொல்லை மாற்ற எவருக்கும் அதிகாரம் இல்லை. ஒரு மாதத்துக்குள் விரைவூரில் பாதி நாடு கடிதமும் கையுமாக நின்றது.

அமைச்சரவை கூடி, மேசையைச் சுற்றி நடந்தது. ஆணையரை அழைத்துக் கேட்டார்கள்.

"சொல் இருப்பதால்தான் செயல் இருக்கிறது. சொல்லை ஒழிப்போம்" என்றார் ஆணையர்.

ஒழித்தார்கள். நிற்க, நின்றான், நிற்கிறாள், நில் என்று அந்தக் குடும்பத்தில் பிறந்த எந்தச் சொல்லையும் பேசுவதோ எழுதுவதோ குற்றம் என்றார்கள். கடிதங்கள் செல்லாது என்றார்கள். காத்தாயியின் வண்டியிலிருந்து கடிதத்தை அவிழ்த்துப் போக வந்த ஏட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரத்தடிக் கல்லையும் அவரே எடுத்துப் போட்டார். அவளிடம் கடைசியாகத் தேய்த்த சட்டையைத்தான் போட்டிருந்தார்.

சொல்லை ஏன் ஒழித்தார்கள் என்பது தேர்தல் வந்தபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. யாகப்பன் செத்த ஆத்திரம் ஆறாத தெருக்காரர்கள், நீயே போட்டி போடு என்று காத்தாயியை அனுப்பிவைத்தார்கள். தேர்தல் அதிகாரி மிகுந்த மரியாதையோடு, எதற்காக வந்திருக்கிறீர்கள் அம்மா என்று கேட்டார்.

"தேர்தல்ல நிக்க."

அதிகாரி காவலரைப் பார்த்தார். காவலர் குறித்துக்கொண்டார். குற்றமான சொல்லைப் பேசியவர் வேட்பாளராக முடியாது என்று சொல்லி மனுவைத் தள்ளினார்கள். அன்றைக்கு வந்த நாற்பத்தாறு பேருக்கும் அதேதான் நடந்தது.

"அப்ப மொதலடியாரு மட்டும்?" என்று கேட்டாள் காத்தாயி.

"அவர் தாங்கள் சொன்ன அந்தச் செயலைச் செய்யவில்லை அம்மா" என்றார் அதிகாரி. "அவர் தொடர்கிறார்."

எதிர்ப்பவர் எவருமின்றி முதலடியார் தொடர்ந்தார். அந்த வெற்றியைக் கொண்டாட நகரத்தில் காலியாகக் கிடக்கும் ஓர் இடத்தில் சிலை வைக்கத் தீர்மானித்தார்கள். காலி இடம் எது என்று ஆணையர் ஆறாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் குறுக்குத் தெரு மூலையில் யாருமே நிற்கவில்லை. ஆகவே அது காலி.

புங்கமரத்தை ஒரு காலை நேரத்தில் வெட்டி முடித்தார்கள். முப்பதடி உயரத்துக்கு முதலடியார் வந்தார், வலது காலை முன்னே வைத்து, சட்டம் தெரியாத கல்லாக, நின்ற கோலத்தில். சிலைகளுக்கு விலக்கு உண்டாம். அந்தச் சிலைக்குப் புங்கமரத்தைவிடப் பெரிய நிழல். அதில் ஒதுங்கத்தான் வழியில்லை. காத்தாயி ஒவ்வொரு சுற்றிலும் அதைக் கடந்து போனாள். பீடத்துக்குக் கீழே எந்த இடத்தில் யாகப்பன் தலை இருந்தது என்று அவளுக்கு அளவு தெரியும்.

திறப்பு விழாவுக்கு முதலடியார் நேரில் வந்து மேடையில் உட்கார்ந்தார். உட்காருவதைத் தடுக்கச் சட்டம் இல்லை. நாற்காலி இருந்தால் போதும். நாட்டின் நகர்வை எடுத்துக்காட்டத் தள்ளுவண்டிகளின் அணிவகுப்பு நடக்கும் என்றும், வண்டிகள் மேடைக்கு முன்னால் வந்து இடப்பக்கம் திரும்பிப் போக வேண்டும் என்றும் ஆணையர் ஏற்பாடு செய்திருந்தார். முதல் வண்டி காத்தாயியுடையது. பெட்டியில் கரி கனன்றது. பின்னால் ரோசலின் கொய்யா வண்டியைத் தள்ளி வந்தாள். அதன் பின்னால் பூ வண்டிகள், இட்லி வண்டி, பழைய பேப்பர் வண்டி. அதற்கும் பின்னால் வண்டியே இல்லாதவர்கள், குடங்களோடு.

இடப்பக்கம் திரும்பும் இடம் வந்தது. தனக்கோடி காத்தாயியைப் பார்த்தான். அவள் கைப்பிடியைத் தானே வாங்கிக்கொண்டு நேராகத் தள்ளினாள்.

ஆணையர் முதலில் கையை இடப்பக்கம் ஆட்டினார். பிறகு இரண்டு கையையும் ஆட்டினார். வண்டி மேடையை நோக்கி வந்துகொண்டே இருந்தது. அதன் பின்னால் மொத்தத் தெருவும். ஆணையர் வாயைத் திறந்து, பாதிச் சொல்லை விழுங்கி, மறுபடி திறந்தார்.

"நில்" என்று கத்தினார். "எல்லோரும் நில்லுங்கள்!"

மைக்கில் அது நாடு முழுக்கக் கேட்டது. காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏட்டு பவுன்ராஜ் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, ஆணையரின் பெயரையும், பேசிய சொல்லையும், நேரத்தையும் எழுதிக்கொண்டார்.

"நிக்கக் கூடாதுன்னு சட்டம் சார்" என்றாள் காத்தாயி. குரலை உயர்த்தவில்லை, நடையையும் குறைக்கவில்லை. "நீங்க போட்டதுதான்."

வண்டி முதல் படியில் முட்டியது. பின்னால் வந்தவர்கள் நான்கு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். கரிப்பெட்டியின் சூடு முதலடியாரின் முகத்தில் பட்டது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். முப்பதடிச் சிலைக்கு முன்னால், அத்தனை பேரும் பார்க்க, ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தார்.

அதுவும் முதலடிதான் என்று மூன்றாம் குறுக்குத் தெருவில் இப்போது நின்று பேசிக்கொள்கிறார்கள்.