சனிக்கிழமைக்கு மூன்று குதிரைகள்

ஒரு விடுகதை சொல்கிறேன். அது ஓடும், எனக்கு மூச்சு வாங்கும். அதற்குக் கொள்ளு, எனக்குத் திட்டு. அது என்ன?

பந்தயக் குதிரை.

என் பெயர் சௌந்தரராஜன். சிவகங்கைப் பக்கம் சொந்த ஊர். ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். சனிக்கிழமை தோறும் அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூருக்குப் பந்தயம் பார்க்கப் போவேன். போன தீபாவளியன்று என் மனைவி மாதேஸ்வரியிடம் ஒரு பெரிய சபதம் செய்தேன்.

"இனி பந்தய மைதானத்தில் கால் வைக்க மாட்டேன். என் சனிக்கிழமைகள் இனி இசைக்கே!"

காலைத்தான் சொன்னேன். காதைச் சொல்லவில்லை.

மதியம் இரண்டு மணிக்குச் சாய்வு நாற்காலி, காதில் இயர்போன், முகத்தில் பக்தி. பார்ப்பவர்களுக்குப் பழைய பாட்டு. எனக்குப் பந்தயத்தின் நேரடி வர்ணனை. பெங்களூர் நண்பன் பிரேம்குமார் எனக்காகச் சின்னதாக ஒரு டிக்கெட் எடுத்து வைப்பான்.

நான்காவது சனிக்கிழமை மாதேஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒரு சந்தேகம். பாட்டுன்னா தொடர்ந்து கேப்பாங்க. நீங்க அரை மணிக்கு ஒரு தரம், ரெண்டே நிமிஷம் கேக்கறீங்க. அது என்ன பாட்டு?"

"ரெண்டு நிமிஷம்னு எப்படிச் சொல்ற?"

"குக்கர் வெச்சிருந்தேன். ரெண்டு விசிலுக்கு நடுவுல முடிஞ்சிருச்சு."

தரப் பரிசோதகர் நான். அளப்பது அவள்.

"அது சின்னப் பாட்டு."

"முடியறப்ப ஏன் எந்திரிச்சு நின்னீங்க?"

"மரியாதை."

"நின்னுட்டு 'அட சனியனே'ன்னீங்க."

"சுருதி சேரலை."

சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு ஒரே ஆச்சரியம்.

"இவ்ளோ ஆசை இருக்கற அப்பாவை வெச்சுக்கிட்டு நம்ம காவியா ஒரு வாத்தியம் கத்துக்கலைன்னா தப்புங்க. பாகலூர் ரோட்டுல கோவிந்தப்பன் மாஸ்டர் வகுப்பு வெச்சிருக்காரு. வீணையும் புல்லாங்குழலும் ஞாயித்துக்கெழமை காலையில. தவில் மட்டும் சனிக்கெழமை, ரெண்டுல இருந்து அஞ்சு. தவிலுக்கு அப்பாவோ அம்மாவோ கூட உக்காந்து தாளம் போடணுமாம். போனை வாசல்லயே வாங்கி வெச்சுக்குவாராம்."

"வீணை! பொம்பளைப் புள்ளைக்கு வீணைதான் அழகு!"

"நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். வர்ற சனிக்கெழமை அவளே சொல்லட்டும். வீணையோ குழலோ சொன்னா, சனிக்கெழமை உங்களுது. காதுல என்ன ஓடுதுன்னு ஆயுசுக்கும் கேக்க மாட்டேன். தவில்னா, சனிக்கெழமை அவளுது. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். பந்தயமா?"

அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே கணக்குப் போட்டேன். ஓடுபவை மூன்று, இரண்டு என்னுடையவை. தவிலின் எடை? எட்டு வயதுக் குழந்தையால் நகர்த்தக்கூட முடியாது. காவியாவின் சுபாவம்? வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இப்படி ஒரு பந்தயத்தைப் பெங்களூரில் யாரும் எனக்குத் தந்ததில்லை.

"பந்தயம்!" என்றேன்.

"தவிலைப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். நீங்க அவளை எவ்ளோ வேணா பழக்கிக்கங்க" என்றாள் மாதேஸ்வரி. என்ன பெருந்தன்மை!

பழக்க ஆரம்பித்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்பீக்கரில் வீணை. பல் தேய்க்கும்போது குழல். இட்லிக்கு வீணை. வீட்டுப் பாடத்துக்குக் குழல். ஒரு வீணை இசை எனக்கே மிகவும் பிடித்துப்போய், அதை மட்டும் ஒன்பது முறை போட்டேன்.

புதன்கிழமை காவியா இரண்டு காதுகளிலும் கை வைத்துக்கொண்டாள். பெரிய பாடகர்களும் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பிறகு அம்மாவிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். மாதேஸ்வரி கர்நாடக எல்லையை ஒட்டிய தளி ஊர்க்காரி, அம்மாவும் மகளும் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வார்கள். எனக்குக் கன்னடத்தில் எண்கள் மட்டும்தான் தெரியும். பந்தயத்துக்கு அது போதும்.

"என்ன சொல்றா?"

"நல்லா இருக்காம். இன்னும் கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்றா."

வைத்தேன்.

வியாழக்கிழமை அதையே காலால் தரையை உதைத்துக்கொண்டு சொன்னாள்.

"இப்ப என்ன?"

"அந்த ஒன்பது தரம் போட்டீங்களே, அதையே திரும்பப் போடணுமாம்."

"ரசிகை!" என்றேன்.

வெள்ளிக்கிழமை மாதேஸ்வரியே ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டுபோய்க் காவியாவின் தலைமாட்டில் வைத்தாள். எதிராளி இவ்வளவு உதவி செய்யும் பந்தயத்தை நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று யோசித்தேன். நல்ல மனசு என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கோவிந்தப்பன் மாஸ்டரின் கூடத்தில் நின்றோம். நான் ஒரு வருடமாகக் கவனித்து வரும் பழுப்புக் குதிரை அன்று மூன்று மணிக்கு ஓடுகிறது. இயர்போன் சட்டைப் பையில் தயார். பாயில் வீணை, குழல், தவில். மாதேஸ்வரி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன சொல் தவறாமல் வாயே திறக்கவில்லை.

"எது வேணும் கண்ணு?" என்றார் மாஸ்டர்.

காவியா வீணையைப் பார்த்தாள். குழலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாஸ்டர், எதை வாசிச்சா வேற எதுவுமே காதுல விழாது?"

"தவில்தான் கண்ணு. பக்கத்துல இடியே விழுந்தாலும் தெரியாது."

காவியா தவில் என்றாள்.