நடுவர்களுக்கு நடுவே

பந்து கோட்டைத் தாண்டியதும் நடுவர் விசில் ஊதிவிட்டார். கடைசியாகத் தொட்டது சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

கூடைப்பந்து இறுதியாட்டம். பக்கத்தில் நின்ற இன்னொரு நடுவரைக் கேட்டால் முடிந்தது. ஆனால் அந்த இன்னொரு நடுவர் அவர் மனைவி. முந்தாநாள் நாத்தனார் அவளைக் குத்திப் பேசியபோது, "யார் மேல தப்பு, சொல்லுங்க" என்று அவள் கேட்க, "நான் கவனிக்கலையே" என்று மனுஷன் நழுவிவிட்டார். ஊர் வழக்கைத் தீர்ப்பவருக்கு வீட்டு வழக்கில் கண் தெரியாமல் போவது புதிதல்ல. அன்றிலிருந்து அவள் அவரிடம் வாயைத் திறக்கவில்லை.

"ரெண்டு பேரும் கலந்து பேசலேன்னா ஜோடியைப் பிரிச்சிடுவேன்" என்று நடுவர் சங்கச் செயலாளர் வேறு மிரட்டியிருந்தார். அவள் இல்லாமல் ஆடுகளமா?

நடுவர், மேசையிலிருந்த ஸ்கோர்க்காரரிடம் ஓடினார். "யாரு பந்துன்னு அந்தம்மாவைக் கேட்டுச் சொல்லுங்க."

"நீங்களே கேக்கலாமே சார்?"

"கேட்டா முறைப்பா. போங்கய்யா!"

ஸ்கோர்க்காரர் போய் அவள் காதோரம் குனிந்துவிட்டுத் திரும்பினார். "நீலமாம் சார்."

சிவப்பு அணி ஆத்திரத்தில் குதித்தது. அடுத்து ஒரு தள்ளுமுள்ளு, மறுபடி தூது. "தள்ளினதும் சிவப்புதானாம்." சிவப்பு அணியின் பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். சரிக்கட்ட நடுவர் மூன்றாவதாக ஒன்றைக் கேட்டனுப்பினார். தீர்ப்பு சிவப்புக்கு வந்தது. இப்போது நீலமும் சேர்ந்து கத்தியது.

"அப்புறம் சார்..." ஸ்கோர்க்காரர் இழுத்தார். "வேர்த்துக் கொட்டுது, தண்ணி குடிக்கச் சொல்லுங்கன்னாங்க."

நடுவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அதன்பின் சந்தேகமே இல்லாத இடத்திலும் விசில் ஊதினார். தூதுக்கு மேல் தூது. ஆட்டம் நகரவில்லை, ஆட்டக்காரர்கள் தரையில் உட்கார்ந்தே விட்டார்கள். கூட்டம் அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டியது. அவர் காதில் எதுவும் விழவில்லை.

ஒருவழியாக ஆட்டம் முடிந்தது. மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"இத்தனை பேர் நடுவுல மன்னிப்பு கேட்டு அனுப்பினீங்களே, அது போதும். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவள் பையை எடுக்கப் போனதும், நடுவர் ஸ்கோர்க்காரரின் கையைப் பிடித்து இழுத்தார்.

"யோவ், நான் எப்பய்யா மன்னிப்பு கேட்டேன்?"

"அவங்க மட்டும் எப்ப சார் பதில் சொன்னாங்க? மன்னிப்பு, தீர்ப்பு, தண்ணி மொத்தமும் என் சொந்தச் சரக்குதான்!"