எலியேசரின் சிவப்புக் கட்டம்

இனி ஜென்மத்துக்கும் குனிந்து குப்பை பொறுக்குவதில்லை என்று சேலையூர் எலியேசர் முடிவு கட்டினார். சபையாரோடு கோவளம் கடற்கரையைச் சுத்தம் செய்யப் போன முதல் சனிக்கிழமையே இடுப்பு பிடித்துக்கொண்டது. மறு வாரம் மச்சினி ஹெப்சி, பொத்தேரி கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், ஒரு ட்ரோன் கொண்டுவந்து கொடுத்தாள். மேலிருந்து படம் பிடிக்கும். குப்பை கண்ட இடமெல்லாம் திரையில் சிவப்புக் கட்டம் போட்டு, மக்கும், மக்காதது என்று பெயரும் எழுதும். பெயர்களைத் தமிழில் அடித்தவர் எலியேசர்தான். கட்டத்தில் மூன்று எழுத்துக்குத்தான் இடம் என்பதை மட்டும் அந்த அவசரத்தில் கவனிக்கவில்லை.

கோவளத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஊரையே விரட்டினார். ஒரு கட்டம் பஜ்ஜிக்கடை லோகநாயகியின் கால் உடைந்த நாற்காலி மேல் விழுந்தது.

"இன்னா சார், நான் குந்திகினு கீற சேர் சார் அது."

"மெஷின் சிவப்பு போட்டா குப்பைதான். யாரோடதா இருந்தாலும் உடனே எடுத்துடணும்."

சேர் போய்விட்டது. அதையே விதியாகச் சபை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். முதல் கட்டைவிரல் மனைவி ஜோசலினுடையது. அப்போதே உறைத்திருக்க வேண்டும், மனுஷனுக்கு உறைக்கவில்லை.

இருபது வருஷமாக அந்த வீட்டில் சண்டையென்றால் மொட்டைமாடியைப் பற்றித்தான். சுற்றாத ஃபேன், பாடாத ரேடியோ, பின்னல் அறுந்த பிரம்பு நாற்காலி என்று எல்லாம் அங்கேதான். எதைத் தொட்டாலும், "இருக்கட்டும், வேணும்" என்பார். அவர் உயிரே அந்த மாடியில்தான் இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து, கமிட்டியில் கத்திவிட்டு வீடு வந்தால், வாசலில் காயலான் கடை வண்டி. மூச்சிரைக்க மாடியேறினார். ஜோசலின் துறட்டி நுனியில் ட்ரோனைக் கட்டித் தூக்கிப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். ஹெப்சி திரையைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தாம்பரத்துல ட்ரோன் விடக்கூடாதுடி, ஏர்ஃபோர்ஸ் இருக்கு."

"யாருங்க விட்டா? கட்டித்தானே வச்சிருக்கேன்."

"அது பீச்சுக்குப் போட்ட ரூல்."

"குரூப்ல பீச்சுன்னு ஒரு வார்த்தை இல்லையே. யாரோடதா இருந்தாலும்னுதான் போட்டிருக்கீங்க."

அறுபத்து மூன்று கட்டம். கெஞ்சினார், கத்தினார், மதியம் சாப்பிட மாட்டேன் என்றார். ஃபேனும் ரேடியோவும் அவர் கண் முன்னாலேயே படியிறங்கின. பிரம்பு நாற்காலியை ஜோசலின் பின்னல் போட்டு லோகநாயகிக்குக் கொடுக்கப்போகிறாளாம். கடைசி மூட்டைக்குக் குறுக்கே போய்க் கையை விரித்து நின்றார்.

"நான் பாத்துப் பாத்துச் சேத்தது. எது குப்பைன்னு மெஷினுக்கு என்ன தெரியும்?"

துறட்டி மெல்ல அவர் பக்கம் திரும்பியது.

"அக்கா, அறுபத்து நாலு," என்றாள் ஹெப்சி.

எலியேசர் எட்டிப் பார்த்தார். கட்டத்துக்குள் அவரேதான் நின்றார். மேலே அவர் அடித்த தமிழிலேயே 'மக்கு' என்று எழுதியிருந்தது.

மூட்டையோடு அவரையும் ஏற இறங்கப் பார்த்த காயலான் கடைக்காரரிடம் ஜோசலின் சொன்னாள்: "அது மட்டும் இருக்கட்டும்ப்பா, வேணும்."